நியூயார்க் போலீஸின் தெருச் சோதனையும் கஞ்சா கைதுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க போலீஸையும் கறுப்பினத்தவரையும் பற்றிப் பேச்சு எடுத்தால், 2020-ல் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்ட வீடியோவில் தொடங்கி பெரும்பாலும் அதிலேயே முடிந்துவிடுகிறது. அந்த வீடியோ யாரையும் பதறவைக்கும். ஆனால் யாரும் சாகாமல், யாரும் வீடியோ எடுக்காமல், ஒரு பெரிய நகரத்தில் தினமும் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களைச் சுவரோரம் நிற்கவைத்துத் தடவிப் பார்த்த கதை நம்மிடையே அவ்வளவாகத் தெரிவதில்லை. நண்பர்கள் கேட்ட கேள்விகள், சொந்தக்காரர்கள் என்னோடு சண்டை போட்ட கேள்விகள் எல்லாவற்றையும் சேர்த்து எழுதுகிறேன். நியூயார்க்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால் அங்கே யாரை நிறுத்தினோம், எதற்கு நிறுத்தினோம், என்ன கிடைத்தது என்பதை போலீஸே தன் கையால் எழுதி வைத்திருக்கிறது.

ஸ்டாப் அண்ட் ஃபிரிஸ்க் என்றால் என்ன? சந்தேகம் வந்தால் சோதனை போட போலீஸுக்கு உரிமை இல்லையா?

சந்தேகப்படும் ஆளைத் தெருவில் நிறுத்தித் தடவிப் பார்ப்பதைத்தான் ஸ்டாப் அண்ட் ஃபிரிஸ்க் என்கிறார்கள். போலீஸுக்கு அந்த உரிமை உண்டு, ஆனால் அளவோடு. 1963-ல் கிளீவ்லாந்து நகரத்தில் மெக்ஃபேடன் என்ற துப்பறியும் போலீஸ்காரர், ஒரு கடையை மாற்றி மாற்றி நோட்டம் விட்டுக்கொண்டிருந்த ஆட்களை நிறுத்தி, கோட்டுக்கு மேலே தடவிப் பார்த்தார். துப்பாக்கி கிடைத்தது. அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1968-ல் தீர்ப்பு வந்தது, டெர்ரி தீர்ப்பு என்பார்கள். ஒருவரை நிறுத்த வேண்டுமானால், அவர் குற்றம் செய்கிறார் அல்லது செய்யப்போகிறார் என்று நினைப்பதற்கு எடுத்துச் சொல்லக்கூடிய காரணம் இருக்க வேண்டும், வெறும் உள்ளுணர்வு போதாது. நிறுத்திய பிறகு தடவிப் பார்க்க வேண்டுமானால், அவரிடம் ஆயுதம் இருக்கலாம் என்று சந்தேகிக்கத் தனியாக இன்னொரு காரணம் வேண்டும். அதுவும் துணிக்கு மேலேதான். ஆயுதம் போல எதுவும் கைக்குத் தட்டுப்படாமல் பாக்கெட்டுக்குள் கை விடக்கூடாது. இந்தப் பாக்கெட் விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

எத்தனை பேரை நிறுத்தினார்கள்?

மைக்கேல் புளூம்பெர்க் மேயராக வந்த 2002-ல் சுமார் 97 ஆயிரம் தடவை. அது வருஷத்துக்கு வருஷம் ஏறி 2011-ல் 6,85,724 ஆனது. நாள் கணக்கில் பார்த்தால் தினம் 1,800-க்கு மேல். அதில் ஏறத்தாழ 88 சதவீதம் பேர்மேல் வழக்கும் இல்லை, அபராதச் சீட்டும் இல்லை, "சரி, போ" என்று அனுப்பிவிட்டார்கள். நிறுத்தப்பட்டவர்களில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவர், மூன்றில் ஒரு பங்கு லத்தீனோக்கள் (லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர்), வெள்ளையர் பத்து சதவீதம்கூட இல்லை. நகரத்து மக்கள் தொகையில் அப்போது வெள்ளையர் 33 சதவீதம், கறுப்பினத்தவர் 23 சதவீதம்.

நகரம் முழுக்க ஒரே மாதிரி நடந்ததும் இல்லை. புரூக்ளினில் பிரவுன்ஸ்வில் என்ற ஏழைப் பகுதி, அரசுக் குடியிருப்புகள் நெருக்கமாக நிற்கும் இடம். அங்கே எட்டுத் தெருக்கட்டுகளுக்குள் மட்டும், 2006 தொடக்கம் முதல் 2010 மார்ச் வரை, கிட்டத்தட்ட 52 ஆயிரம் முறை ஆட்களை நிறுத்தியிருக்கிறார்கள். அங்கே குடியிருந்தவர்களே சுமார் 14 ஆயிரம் பேர்தான். பால் வாங்கப் போகும்போது ஒரு தடவை, திரும்பி வரும்போது ஒரு தடவை என்று யாராவது சொன்னால், அதை மிகைப்படுத்திச் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நிறுத்தக் காரணம் வேண்டும் என்றீர்களே, என்ன காரணம் எழுதினார்கள்?

எனக்கு இந்த மொத்த விவகாரத்திலும் மனதை விட்டுப் போகாத பகுதி இதுதான். ஒவ்வொரு முறை நிறுத்தியதும் போலீஸ்காரர் யூஎஃப்-250 என்ற ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். அதில் காரணங்களைக் கட்டம் கட்டமாக அச்சடித்திருப்பார்கள், டிக் அடித்தால் போதும். அதிகம் டிக் விழுந்த கட்டங்களில் இரண்டைச் சொல்கிறேன். ஒன்று "கள்ளத்தனமான அசைவுகள்". இன்னொன்று "குற்றம் அதிகம் நடக்கும் பகுதி".

கள்ளத்தனமான அசைவு என்றால் என்ன என்று, இந்தச் சோதனைகளை எதிர்த்துப் பின்னால் நடந்த வழக்கில் போலீஸ்காரர்களிடமே கேட்டார்கள். நடந்துகொண்டிருந்தவர் திசை மாறுவது, ஒரு மாதிரியாக நடப்பது, தோளுக்கு மேலே திரும்பிப் பார்ப்பது, பாக்கெட்டில் கை விட்டு விட்டு எடுப்பது, பெல்ட்டைச் சரிசெய்வது, பதற்றமாக இருப்பது, பேச்சு திக்குவது, இப்படியெல்லாம் சொன்னார் ஒருவர். இன்னொருவர், கட்டடத்துக்கு முன்னால் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் சட்டென்று குனிந்து நிமிர்வதையும் சேர்த்துக்கொண்டார். இதில் எதைச் செய்யாமல் ஒரு மனிதன் தெருவில் நடக்க முடியும்? மாதத்துக்கு ஒரு தடவை போலீஸ் நிறுத்தும் தெருவில் வளர்ந்த பையன் போலீஸ் வண்டியைப் பார்த்ததும் பதறத்தான் செய்வான். அந்தப் பதற்றமே அடுத்த டிக்குக்குக் காரணமாகிவிடுகிறது. இரண்டாவது கட்டம் இன்னும் மோசம். "குற்றம் அதிகம் நடக்கும் பகுதி" என்பது அந்த ஆள் செய்த செயல் அல்ல, அவன் வீட்டு முகவரி.

குற்றம் எங்கே அதிகமோ அங்கேதானே போலீஸ் அதிகம் இருக்கும்? இதில் இனம் எங்கே வருகிறது?

நியாயமான கேள்வி, அந்த வழக்கில் நகர நிர்வாகமும் இதையேதான் சொன்னது. புகார்களில் வரும் அடையாளங்களில் கறுப்பினத்தவர் அதிகம், அதனால் நிறுத்தப்படுபவர்களிலும் அதிகம் என்பது அவர்கள் வாதம். நீதிபதி அதை ஏற்கவில்லை. நிறுத்தப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் எந்தக் குற்றமும் செய்யாதவர்கள். குற்றவாளிகளின் கணக்கை வைத்துக் குற்றம் செய்யாதவர்களை நிறுத்தியதை எப்படி நியாயப்படுத்துவது?

அதைவிட என்னை யோசிக்கவைத்தது இன்னொரு கணக்கு. போலீஸின் சந்தேகம் சரியாக வேலை செய்கிறது என்றால், எந்த இனத்தவரை நிறுத்தினாலும் நூற்றுக்கு இத்தனை பேரிடம் ஆயுதம் என்பது ஏறக்குறைய ஒரே அளவில் வர வேண்டும். 2004 முதல் 2012 நடு வரை நடந்த 44 லட்சம் சோதனைகளில், நிறுத்தப்பட்ட கறுப்பினத்தவரில் 1.0 சதவீதம் பேரிடமும், லத்தீனோக்களில் 1.1 சதவீதம் பேரிடமும், வெள்ளையரில் 1.4 சதவீதம் பேரிடமும் ஆயுதம் கிடைத்தது. கஞ்சா மாதிரியான தடை செய்யப்பட்ட பொருள்களிலும் வெள்ளையர் கணக்குதான் கூடுதல்: 2.3 சதவீதம், கறுப்பினத்தவருக்கு 1.8. அதாவது வெள்ளைக்காரரை நிறுத்த வலுவான காரணம் தேவைப்பட்டது, கறுப்புப் பையனை நிறுத்த அற்பக் காரணம் போதுமானதாக இருந்தது. கை நீட்டியதிலும் வித்தியாசம் உண்டு. தள்ளுவது, சுவரில் சாய்ப்பது, கைவிலங்கு போடுவது என்று ஏதாவது ஒரு பலப்பிரயோகம் நடந்தது கறுப்பினத்தவரை நிறுத்தியதில் 23 சதவீதம், வெள்ளையரை நிறுத்தியதில் 17 சதவீதம்.

சரி, இதில் கஞ்சா எங்கிருந்து வந்தது?

இங்கேதான் அந்தப் பாக்கெட் வருகிறது. நியூயார்க் மாநிலத்தில் 1977-லேயே ஒரு சட்டம் போட்டார்கள். 25 கிராம் வரை கஞ்சாவைச் சொந்தத்துக்கு வைத்திருந்தால் அது குற்ற வழக்கு இல்லை, முதல் தடவை 100 டாலர் வரை அபராதம், அவ்வளவுதான். ஆனால் அதே கஞ்சாவைப் பொது இடத்தில் பற்றவைத்தாலோ, எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்திருந்தாலோ குற்ற வழக்கு, மூன்று மாதம் வரை சிறை.

இப்போது ஒரு பையன் குடியிருப்பின் படிக்கட்டில் நிற்கிறான். ஜீன்ஸ் பாக்கெட்டில் கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் கவரில் கஞ்சா. இரண்டு போலீஸ்காரர்கள் வந்து நிறுத்தி, "பாக்கெட்டில் இருப்பதையெல்லாம் வெளியே எடு" என்கிறார்கள். சட்டப்படி அவன் எடுக்க வேண்டியதில்லை, ஆனால் பதினேழு வயதுப் பையனுக்கு அது எங்கே தெரியும், தெரிந்தாலும் துப்பாக்கி வைத்திருக்கிற இரண்டு பேரிடம் எப்படிச் சொல்வான்? எடுக்கிறான். சாவி, மெட்ரோகார்டு, சில்லறை, அந்தக் கவர். கவர் உள்ளங்கையில் இருக்கிறது, எல்லோர் கண்ணிலும் படுகிறது. அபராதத்தோடு போக வேண்டியது அந்த நொடியில் கைதாகிவிடுகிறது. குற்றத்தை உண்டாக்கியது போலீஸ்காரரின் கட்டளை.

இப்படியும் இதைப்போல வேறு விதத்திலும் நடந்த சின்ன அளவு கஞ்சா கைதுகள் 1990களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு ஆயிரம், இரண்டாயிரம் என்ற அளவில்தான் இருந்தன. 2011-ல் அது 50 ஆயிரத்தைத் தாண்டியது. கைதானவர்களில் 80 சதவீதத்துக்கு மேல் கறுப்பினத்தவரும் லத்தீனோக்களும். புகார் அதிகமானதும், அந்த 2011 செப்டம்பரில் போலீஸ் கமிஷனர் ரேமண்ட் கெல்லி, போலீஸ் சொல்லி வெளியே எடுத்த கஞ்சாவைப் பொதுப்பார்வை என்று கணக்கில் எடுக்கக்கூடாது என்று உத்தரவு போட்டார். அப்படி ஒரு உத்தரவு போட வேண்டியிருந்தது என்பதிலேயே அதுவரை என்ன நடந்தது என்று தெரிகிறது. அதன் பிறகு எண்ணிக்கை குறைந்தது, ஆனால் நிற்கவில்லை.

கொஞ்சம் கஞ்சாவுக்கு ஒரு ராத்திரி ஸ்டேஷனில் இருந்தால் என்ன குடிமுழுகிப்போகிறது?

என் மாமா ஒருவர் இதே வார்த்தையில் கேட்டார். கைவிலங்கு, கைரேகை, போட்டோ, நாற்றமடிக்கும் அறையில் முன்பின் தெரியாத பதினைந்து பேரோடு ஒரு ராத்திரி, சில சமயம் இருபத்துநான்கு மணி நேரம் நீதிபதியைப் பார்க்கும் வரை. காலை ஷிஃப்ட் போச்சு, தினக்கூலி வேலை என்றால் வேலையே போச்சு. முதல் தடவை என்றால் ஒரு வருஷம் ஒழுங்காக இருந்தால் தள்ளுபடி என்று நீதிபதி சொல்வார், ஆனால் அந்த ஒரு வருஷமும் வழக்கு கணினியில் தெரியும், வேலைக்கு விண்ணப்பித்தால் தெரியும். அரசுக் குடியிருப்பில் இருந்தால் பையன்மேல் வந்த போதைப்பொருள் வழக்குக்காகக் குடும்பத்தையே வெளியேற்ற நடவடிக்கை எடுக்கலாம். அப்போதிருந்த மத்திய சட்டப்படி போதைப்பொருள் தண்டனை இருந்தால் கல்லூரிக் கல்வி உதவி கிடைப்பது சிக்கல். குடியுரிமை இல்லாதவர் என்றால் நாடு கடத்தல் வரை போகலாம். இத்தனையும், வெள்ளைக்காரப் பையன் விடுதி அறையில் ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்கிற அதே காரியத்துக்கு.

வெள்ளையர்கள் கஞ்சா குறைவாகப் பயன்படுத்துகிறார்களா?

இல்லை. கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் பயன்படுத்துகிறார்கள் என்று அரசு நடத்தும் கணக்கெடுப்புகளே திரும்பத் திரும்பச் சொல்கின்றன. ஆனாலும் கஞ்சா வைத்திருந்ததற்காகக் கறுப்பினத்தவர் கைதாகும் வாய்ப்பு நாடு முழுக்க 3.73 மடங்கு அதிகம் என்று அமெரிக்க சிவில் உரிமைகள் சங்கம் 2013-ல் வெளியிட்ட அறிக்கை காட்டியது. தான் கஞ்சா அடித்திருப்பதையும் அது தனக்குப் பிடித்திருந்ததையும் புளூம்பெர்க்கே 2001-ல் ஒரு பேட்டியில் ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர் மேயராக இருந்த பன்னிரண்டு வருஷத்தில் நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட கஞ்சா கைதுகள்.

சட்டத்திலேயே பாரபட்சம் இருந்ததா, அல்லது போலீஸ் நடைமுறையில் மட்டும்தானா?

இரண்டிலும். 1986-ல் அமெரிக்க நாடாளுமன்றம் போட்ட சட்டப்படி, 5 கிராம் கிராக் கோகெய்ன் விற்கப் பிடிபட்டால் குறைந்தது ஐந்து வருஷம் சிறை. அதே ஐந்து வருஷத்துக்குப் பொடி கோகெய்ன் என்றால் 500 கிராம் வேண்டும். இரண்டும் ஒரே சரக்கு, கிராக் என்பது பொடியைச் சமையல் சோடாவோடு காய்ச்சி எடுத்தது. கிராக் வழக்குகளில் உள்ளே போனவர்களில் மிகப் பெரும்பாலானோர் கறுப்பினத்தவர். நூற்றுக்கு ஒன்று என்ற அந்தக் கணக்கைப் பதினெட்டுக்கு ஒன்று என்று குறைக்கவே 2010 வரை ஆனது. நியூயார்க் மாநிலத்துக்கு அதற்கு முன்பே தனிச் சட்டம் இருந்தது, ஆளுநர் ராக்ஃபெல்லர் 1973-ல் கொண்டுவந்தது. சில அவுன்ஸ் ஹெராயினுக்குப் பதினைந்து வருஷம் முதல் ஆயுள் வரை. அதைத் தளர்த்தியது 2004-லும் 2009-லும்.

அப்படியென்றால் நியூயார்க் போலீஸ்காரர்கள் எல்லோரும் இனவெறியர்களா?

அப்படிச் சொன்னால் விஷயத்தைத் தவறவிட்டுவிடுவோம். நிறுத்திய போலீஸ்காரர்களில் நிறையப் பேர் தாங்களே கறுப்பினத்தவர், லத்தீனோக்கள். 1994 முதல் அங்கே காம்ப்ஸ்டாட் என்ற முறை. வட்டார அதிகாரிகளைக் கூப்பிட்டு, உன் ஏரியாவில் எத்தனை குற்றம், நீ எத்தனை நடவடிக்கை எடுத்தாய் என்று எண்ணிக்கையை வைத்துக்கொண்டு எல்லோர் முன்னாலும் கேட்பார்கள். அந்த நெருக்கடி படிப்படியாகக் கீழே இறங்கி, ரோந்து போகிற போலீஸ்காரர் தலையில் "இந்த மாதம் இத்தனை" என்று விடிந்தது. புரூக்ளினின் 81-வது வட்டாரத்தில் வேலை பார்த்த ஏட்ரியன் ஸ்கூல்கிராஃப்ட் என்ற போலீஸ்காரர், மேலதிகாரிகள் காலை அணிவகுப்பில் இப்படி நெருக்கியதையெல்லாம் ரகசியமாக ஒலிப்பதிவு செய்தார். 2009 அக்டோபர் 31 இரவு அவர் வீட்டுக்கே மேலதிகாரிகள் வந்து, அவரைக் கைவிலங்கிட்டு இழுத்துப்போய் மனநல மருத்துவப் பிரிவில் சேர்த்தார்கள், ஆறு நாள் உள்ளே இருந்தார். பிறகு அவர் தொடுத்த வழக்கை 2015-ல் நகர நிர்வாகம் 6 லட்சம் டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது.

எண்ணிக்கை காட்ட வேண்டும் என்றால் போலீஸ்காரர் எங்கே போவார்? வக்கீல் அப்பா இருக்கிற வீட்டுப் பையனை நிறுத்திப் பிரச்சினையை இழுத்துவைத்துக்கொள்ள மாட்டார். கேட்க நாதியில்லாத தெருவுக்குப் போவார். அவர் மனதில் வெறுப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் விளைவு ஒன்றுதான்.

நீதிமன்றம் என்ன சொன்னது?

ஃபிளாய்ட் வழக்கு என்று பெயர் (ஜார்ஜ் ஃபிளாய்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை, குழப்பிக்கொள்ள வேண்டாம்). வழக்குத் தொடுத்தவர்களில் ஒருவரின் அனுபவம் இது: 2008-ல் பிராங்க்ஸில் அவர் குடியிருந்த வீட்டில், கீழ்த்தளத்தில் இருந்தவர் சாவி இல்லாமல் வெளியே மாட்டிக்கொண்டார். இவர் மாற்றுச் சாவிக்கொத்தை எடுத்துவந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, திருடர்கள் என்று போலீஸ் வந்து நிறுத்தித் தடவிப் பார்த்தது. சொந்த வீட்டு வாசலில்.

ஒன்பது வாரம் விசாரணை நடந்து, 2013 ஆகஸ்ட் 12-ல் நீதிபதி ஷைரா ஷைண்ட்லின் தீர்ப்புச் சொன்னார். நகரம் நடத்திய விதம் காரணமில்லாமல் சோதனை போடக்கூடாது என்னும் அரசியல் சாசனத்தின் நான்காம் திருத்தத்துக்கும், சமமாக நடத்தச் சொல்லும் பதினான்காம் திருத்தத்துக்கும் விரோதம் என்றார். அப்போது மாநில செனட்டராக இருந்த முன்னாள் போலீஸ் கேப்டன் எரிக் ஆடம்ஸ் சாட்சி சொன்னார்: வீட்டை விட்டுக் கிளம்பும் ஒவ்வொரு முறையும் போலீஸ் நிறுத்துமோ என்ற பயம் கறுப்பு, லத்தீனோ இளைஞர்களுக்கு இருக்க வேண்டும் என்று கமிஷனர் கெல்லி 2010-ல் ஒரு கூட்டத்தில் சொன்னதாக. கெல்லி அதை மறுத்தார், ஆனால் விசாரணையில் சாட்சி சொல்ல வரவில்லை. புளூம்பெர்க் 2013 ஜூனில் வானொலியில் பேசும்போது, வெள்ளையரைத்தான் தேவைக்கு அதிகமாகவும் சிறுபான்மையினரைக் குறைவாகவும் நிறுத்துகிறோம் என்றார். 2019 நவம்பரில், ஜனாதிபதி தேர்தலில் இறங்கும் நேரத்தில், புரூக்ளினில் ஒரு தேவாலயத்தில் நின்று தவறு என்று மன்னிப்புக் கேட்டார். அந்த ஆறு வருஷத்துக்கு முன்பே அதைச் சொல்லியிருந்தால் எத்தனை வீட்டுக்கு ஆறுதலாக இருந்திருக்கும் என்று நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

நகரம் மேல்முறையீடு செய்தது. 2014-ல் மேயரான பில் டி பிளாசியோ அதைக் கைவிட்டார். கண்காணிப்பாளர் நியமிக்கப்பட்டார், போலீஸ்காரர்கள் உடம்பில் கேமரா மாட்ட வேண்டும் என்று ஆனது.

சோதனையைக் குறைத்ததும் கொலையும் கொள்ளையும் பெருகியிருக்குமே?

அப்படித்தான் பயமுறுத்தினார்கள். 2011-ல் கிட்டத்தட்ட 6.86 லட்சம் சோதனை, 515 கொலை. 2014-ல் சோதனை 46 ஆயிரத்துக்கு இறங்கியது, கொலை 333. 2017-ல் கொலை 300-க்கும் கீழே. சோதனையைக் குறைத்ததால்தான் கொலை குறைந்தது என்று நான் சொல்லவரவில்லை, அதற்குப் பல காரணம். லட்சக்கணக்கான பேரை நிறுத்தாவிட்டால் நகரம் எரிந்துவிடும் என்ற வாதம் மட்டும் பொய்யானது.

இப்போது கஞ்சா சட்டபூர்வம்தானே? பிரச்சினை தீர்ந்ததா?

பாதி. 2021 மார்ச் 31 முதல் நியூயார்க்கில் 21 வயது நிரம்பியவர்கள் கஞ்சா வைத்திருக்கலாம். பழைய தண்டனைகளை அழிக்கவும் அந்தச் சட்டம் வழிசெய்தது. கஞ்சா வாடை வந்தது என்று சொல்லி ஒருவரைச் சோதனை போடுவதும் பெரும்பாலும் நின்றது. கஞ்சா வரி வருமானத்தில் 40 சதவீதம், இந்தச் சட்டங்களால் நொறுங்கிய பகுதிகளுக்குப் போக வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். முதல் கடை உரிமங்களில் பலவற்றைக் கஞ்சா வழக்கில் தண்டனை பெற்றவர்களுக்கே ஒதுக்கினார்கள், எனக்கு அது சரியாகப்பட்டது.

ஆனால் நிறுத்துவது தொடர்கிறது. எரிக் ஆடம்ஸே மேயராகி, துப்பாக்கியைப் பிடிக்க என்று 2022-ல் தனிக் குழுக்களை இறக்கினார். அந்தக் குழுக்கள் நிறுத்தியவர்களில் 97 சதவீதம் பேர் கறுப்பினத்தவரும் லத்தீனோக்களும் என்றும், ஏறத்தாழ நான்கில் ஒன்று சட்டவிரோதம் என்றும் நீதிமன்றக் கண்காணிப்பாளர் 2023-ல் அறிக்கை கொடுத்தார். சாதாரண விசாரிப்பையும் எழுதி வைக்க வேண்டும் என்று நகர மன்றம் சட்டம் போட்டது. மேயர் அதைத் தடுத்தார், 2024 ஜனவரியில் மன்றம் அவர் தடையை 42-க்கு 9 என்று மீறி நிறைவேற்றியது.

நமக்கு இதில் என்ன? நாம் இந்தியர்கள்தானே?

2015 பிப்ரவரியில் அலபாமாவில் மகன் வீட்டுக்குப் பேரனைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த 57 வயது குஜராத்தி தாத்தா ஒருவர், காலையில் நடைபோனார். ஒல்லியான கறுப்பு ஆள் ஒருத்தர் சுற்றிக்கொண்டிருக்கிறார் என்று அக்கம்பக்கத்தில் யாரோ போலீஸைக் கூப்பிட்டார்கள். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஒரு போலீஸ்காரர் அவர் கையை முதுகுக்குப் பின்னால் பிடித்துத் தரையில் அடித்தார், உடம்பின் ஒரு பகுதி செயலிழந்தது. அந்த போலீஸ்காரர் கடைசியில் விடுவிக்கப்பட்டார். தூரத்திலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு நம் பாஸ்போர்ட் தெரியாது.

நியூயார்க்கில் படிக்கும் என் பையனை நிறுத்தினால் அவன் என்ன செய்ய வேண்டும்?

கையை வெளியே தெரியும்படி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், ஓட வேண்டாம், கையைத் தட்டிவிட வேண்டாம். "நான் போகலாமா?" என்று கேட்கலாம், போகலாம் என்றால் நடையைக் கட்டலாம். தடவினால் தடுக்கக்கூடாது, ஆனால் "சோதனைக்கு நான் சம்மதிக்கவில்லை" என்று வாய்விட்டுச் சொல்லலாம், பின்னால் நீதிமன்றத்தில் அது உதவும். பாக்கெட்டைக் காலி பண்ணு என்றாலும் இதே பதில்தான். 2018 அக்டோபரிலிருந்து நகரச் சட்டப்படி, சம்மதம் கேட்டுச் சோதனை போடுவதானால் மறுக்க உரிமை உண்டு என்பதை போலீஸ்காரரே விளக்க வேண்டும். நிறுத்திவிட்டு வழக்கில்லாமல் அனுப்பினால், தன் பெயரும் பேட்ஜ் எண்ணும் அச்சடித்த அட்டை ஒன்றைக் கையில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் கேட்டு வாங்கச் சொல்லுங்கள், வாங்கியதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.